டியூப் லைட்டை எல்இடிக்கு மாற்றும்போது சோக்கை என்ன செய்வது?

செந்தூல் வயர்மேன்:
நான்கடி டியூபில் 36 வாட் என்று போட்டிருக்கும். இரும்புச் சோக் தின்பதையும் சேர்த்தால் 45 பக்கம் இழுக்கும். அந்த இடத்துக்கு 16 வாட் எல்இடி போதும். கூடவே ஸ்டார்ட்டர் மாதிரி ஒன்று வந்தால் அது இருமுனை டியூப். மெயினை அடைத்துவிட்டு, பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றி இதைத் திருகுங்கள். சோக் கிடந்துவிட்டுப் போகட்டும். பழைய ஸ்டார்ட்டரை அப்படியே விட்டால் விளக்கு மினுக்கும், இல்லையென்றால் எரியவே எரியாது. புது ஸ்டார்ட்டரோடு பழைய டியூபை மாட்டினால் இரண்டு நுனியும் சிவந்து, சோக் கொதிக்கும். ஸ்டார்ட்டரே இல்லாத பிட்டிங்கில் இருப்பது எலக்ட்ரானிக் சோக்; அதைக் கழற்றியே ஆகணும்.

ஆயர் ஈத்தாம்வாசி:
அண்ணன் சொல்லாமல் விட்டது ஒருமுனை டியூப். லைவ், நியூட்ரல் இரண்டும் ஒரே பக்கத்து ஊசிகளுக்குப் போகும். சோக், ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர் எதுவும் மிஞ்சக்கூடாது. கரண்ட் கொடுக்குமுன் ஹோல்டரின் இரு துளைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். ‘பீப்’ அடித்தால் இரண்டும் உள்ளே சேர்ந்திருக்கிறது. சுவிட்சைத் தட்டியதும் ஷார்ட்தான். அந்த ஹோல்டரைத் தூக்கிவிட்டு வேறு போடணும். எந்தப் பக்கம் லைவ் என்று ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். வயரைத் தொடும் வேலை, பதிவு பெற்ற வயர்மேன்தான் செய்யணும்.

கெப்போங் கொண்டோ:
டவுன்லைட் வாங்கப் போகிறவர்கள் விளிம்பை அளக்காதீர்கள், சீலிங் ஓட்டையை அளங்கள். மூடிய கண்ணாடிக் குண்டுக்குள் எல்இடி பல்பு சீக்கிரம் போவது சூட்டால். எல்இடியைவிட அதன் அடியில் இருக்கும் சர்க்யூட்தான் முதலில் வேகும். ஒன்று கேட்கணும் அண்ணே, சுவிட்சை அடைத்த பிறகும் மங்கலாக எரிகிறதே?

செந்தூல் வயர்மேன்:
சுவிட்சில் குட்டி இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியே கசியும், பயமில்லை. அது இல்லையென்றால் சுவிட்சை நியூட்ரலில் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் ஆபத்து: அடைத்திருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும்.

மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் ஹாலில் ஆரம்பிப்பது ஏனோ! சாமி மேடை பல்பைப் பாருங்கள். 15 வாட் இரவு பகலாக எரிந்தால் மாதம் 10.8 யூனிட், 1 வாட் எல்இடி என்றால் 0.72. அடுத்து, விடிய விடிய எரியும் வாசல் விளக்கு.

பழைய டியூபில் பாதரசம் இருக்கிறது, உடைக்காதீர்கள். புது டியூப் வந்த அட்டையுறையில் நான்கடிக்குச் சரியாக நுழையும். அதிலேயே செருகி மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.