டென்னிஸ் கணிப்பு மாடல்: சோதனையில் 93%, நிஜ ஆட்டங்களில் சொதப்பல். எங்கே கோளாறு?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ்) ஆட்டங்களில் யார் ஜெயிப்பார் என்று கணிக்க பைத்தானில் ஒரு மாடல் எழுதியிருக்கிறேன். டேட்டா எல்லாம் டென்னிஸ் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் ஜெஃப் சாக்மன் கிட்ஹப் தளத்தில் வைத்திருக்கும் கோப்புகள்தான், 2010 முதல் 2024 வரை. ரேங்க், வயது, தரை, ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வ்), டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறுவது), முதல் சர்வில் எடுத்த புள்ளிகள், பிரேக் பாயின்ட் (எதிராளி சர்வ் செய்யும் கேமைப் பறிக்கும் வாய்ப்பு), இருவரும் மோதிய கணக்கு எல்லாவற்றையும் எக்ஸ்ஜிபூஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் நிரலுக்குக் கொடுத்தேன். மொத்தத்தையும் கலைத்துப் போட்டு 20 சதவீதத்தைச் சோதனைக்கு ஒதுக்கினால் 93% சரியாக வருகிறது. ஆனால் இனி நடக்கப்போகும் ஆட்டங்களுக்குப் போட்டால் கண்டபடி சொல்கிறது. 2025 விம்பிள்டன் இறுதியில் அல்கராஸுக்கு 91% என்றது, சின்னர் 4-6, 6-4, 6-4, 6-4 என்று ஜெயித்துவிட்டார். நடக்காத ஆட்டத்துக்கு ஏஸ் எண்ணிக்கை எல்லாம் இருக்காதே, அதனால் அந்த இருவரும் முன்பு மோதிய ஆட்டங்களின் சராசரியை நிரப்பினேன். இதை நம்பிப் பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதற்கு முன் கோளாறு எங்கே என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

பதில் 1

ப்ரோ, கோளாறு நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. ஏஸ், முதல் சர்வ் புள்ளிகள், பிரேக் பாயின்ட் எல்லாம் அந்த ஆட்டம் முடிந்த பிறகு எழுதப்பட்ட கணக்கு. யார் அதிகம் பிரேக் செய்தார் என்று தெரிந்தால் யார் ஜெயித்தார் என்பதும் கிட்டத்தட்டத் தெரிந்த மாதிரிதான். மாடல் எதையும் கணிக்கவில்லை, முடிந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையைப் படித்துச் சொல்கிறது. அந்த 93-ஐ மறந்துவிடுங்கள்.

91% எப்படி வந்தது என்பதும் இதிலேயே தெரிகிறது. சர்வ் புள்ளிகளில் சின்ன வித்தியாசம் இருந்தாலே முடிவு உறுதி என்று மாடல் கற்றுக்கொண்டுவிட்டது. அந்த விம்பிள்டனுக்கு முன் சின்னரோடு மோதிய கடைசி 5 ஆட்டங்களையும் அல்கராஸ் ஜெயித்திருந்தார். அந்தச் சராசரியைக் கொடுத்தால் வேறு என்ன சொல்லும்? ஆனால் அதில் ஒன்றான பிரெஞ்சு ஓபன் இறுதியைப் பாருங்கள். விம்பிள்டனுக்கு 5 வாரம் முன்னால், 5 மணி 29 நிமிடம் ஓடிய ஆட்டம். சின்னர் எடுத்தது 193 புள்ளி, அல்கராஸ் 192. ஒரு புள்ளி அதிகம் எடுத்தவர், கையில் 3 சாம்பியன்ஷிப் பாயின்ட் (எடுத்தால் பட்டமே கிடைக்கும் புள்ளி) இருந்தும் தோற்றார். உங்கள் மாடலுக்கு அது வெறும் ‘அல்கராஸ் வெற்றி’.

கலைத்துப் போடுவதையும் நிறுத்துங்கள். 2023 வரை பயிற்சி, 2024 சோதனை என்று காலவரிசையில்தான் பிரிக்க வேண்டும். மோதிய கணக்கை முழுக் கோப்பிலிருந்தும் எடுத்தீர்களா? அப்படியென்றால் 2015 ஆட்டத்துக்கு 2019 முடிவும் சேர்ந்து போயிருக்கும். இன்னொன்று, அந்தக் கோப்பில் இருப்பது போட்டித் தொடர் தொடங்கும் தேதி, ஆட்டம் நடந்த தேதி இல்லை. முதல் சுற்றுக்கும் இறுதிக்கும் ஒரே தேதிதான் இருக்கும், அதனால் சுற்று நெடுவரிசையையும் சேர்த்து வரிசைப்படுத்துங்கள்.

கேட்டவர்

ஆமாம் ப்ரோ, முழுக் கோப்பிலிருந்துதான் எடுத்திருந்தேன். எல்லாவற்றையும் மாற்றி, ஆட்டத்துக்கு முந்தைய 52 வார சர்வ், ரிட்டர்ன் சராசரியை மட்டும் வைத்து ஓட்டினேன். இப்போது 65-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. வேறு ஏதாவது விட்டுப் போயிருக்குமா?

பதில் 2

தம்பி, 65 என்பது நேர்மையான எண். ரேங்கில் மேலே இருப்பவர்தான் ஜெயிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரியாக வரும். எக்ஸ்ஜிபூஸ்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு எலோவை எழுதிப் பாருங்கள், சதுரங்கத்துக்காக வந்த அதே எலோதான், ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவருக்குப் புள்ளி ஏறும், தோற்றவருக்கு இறங்கும். 100 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் ஜெயிக்க வாய்ப்பு 64%, 200 என்றால் 76%. மொத்தத்துக்கு ஒன்று, களிமண், புல், ஹார்ட் கோர்ட்டுக்குத் தனித்தனியாக ஒன்று என்று வைத்து இரண்டையும் கலந்து பாருங்கள். நடால் பிரெஞ்சு ஓபனில் ஆடிய 116 ஆட்டத்தில் 112-ஐ ஜெயித்தவர், அதை வைத்துப் புல்தரையில் அவரை எடைபோட முடியாது இல்லையா. ஏடிபி ரேங்க் என்பது 52 வாரத்தில் சேர்த்த புள்ளி, காயத்தில் ஆறு மாதம் உட்கார்ந்தவரின் உண்மையான பலம் அதில் தெரியாது.

மூன்று செட், ஐந்து செட் வித்தியாசத்தையும் சேருங்கள். ஒரு செட்டை ஜெயிக்க 60% வாய்ப்புள்ளவருக்கு மூன்று செட் ஆட்டத்தில் சுமார் 65%, ஐந்து செட்டில் 68%. சர்வில் இன்னும் கூர்மையாகத் தெரியும்: தன் சர்வில் 60% புள்ளி எடுப்பவர் 74% கேம்களைக் காப்பாற்றுவார், 65% எடுப்பவர் 83%. அதனால் சர்வ் சராசரியை மதிப்பிடுவதில்தான் நீங்கள் உழைக்க வேண்டும்.

பதில் 3

பணம் கட்டுவது பற்றி யாரும் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். யார் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னால் காசு வராது, விலை தப்பாக இருக்கும்போது மட்டும்தான் வரும். பந்தய நிறுவனம் ஒருவருக்கு 1.50, எதிராளிக்கு 2.60 என்று விலை (ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் திரும்பக் கிடைக்கும் தொகை) போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒன்றை அந்த விலையால் வகுத்தால் 66.7%, 38.5%, கூட்டினால் 105-க்குக் கொஞ்சம் மேலே. நூறைத் தாண்டியது அவர்கள் பங்கு. அதைக் கழித்தால் முதலாமவருக்கு அவர்கள் உண்மையில் தரும் வாய்ப்பு சுமார் 63.4%, ஆனால் நீங்கள் நஷ்டப்படாமல் இருக்கவே அவர் 66.7% ஜெயிக்க வேண்டும். காயம், பயிற்சியில் தெரிந்த சோர்வு எல்லாம் உங்கள் டேட்டா கோப்பில் வருவதற்கு முன்னாலேயே அந்த விலையில் வந்துவிடும்.

எத்தனை சரி என்று எண்ணாதீர்கள். மாடல் 70% என்று சொன்ன ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்து, அதில் நூற்றுக்கு எழுபது நிஜமாகவே வந்ததா என்று பாருங்கள். பிறகு அதே ஆட்டங்களின் பழைய விலையோடு லாக் லாஸ் (சொன்ன வாய்ப்பு நடந்த முடிவிலிருந்து எவ்வளவு விலகியது என்று அளக்கும் எண், குறைவாக இருந்தால் நல்லது) ஒப்பிடுங்கள். விலையைவிட மோசமாக இருந்தால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள் என்றால் இந்தப் பேச்சே தேவையில்லை. இணையச் சூதாட்டத்தைத் தடை செய்யும் மாநிலச் சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது, பந்தயம் கட்டுவதும் அதில் அடக்கம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்துவிட்டது. கடன் வாங்கிக் கட்டி வீட்டையே இழந்தவர்களை எனக்குத் தெரியும், தயவுசெய்து மாடலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாக்மன் டேட்டாவின் உரிமமும் வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை.

கேட்டவர்

சென்னைதான் சார். சரி, பணம் கட்டவில்லை, பழைய விலையோடு ஒப்பிடுவதை மட்டும் செய்கிறேன். ஒரு சந்தேகம், பாதியில் விலகிய ஆட்டங்களை என்ன செய்வது? நீக்கிவிடலாமா?

பதில் 2

ஆடாமலே கொடுத்த வாக்ஓவரை முழுதாக நீக்குங்கள். பாதியில் விலகியதைச் சர்வ் சராசரிக்கு வைத்துக்கொள்ளலாம், ஆடிய புள்ளிகள் நிஜம்தானே. எலோவுக்குத்தான் யோசிக்க வேண்டும். அதே 2025 விம்பிள்டன் நான்காவது சுற்றில் டிமிட்ரோவ் சின்னருக்கு எதிராக 6-3, 7-5, 2-2 என்று இரண்டு செட் முன்னிலையில் இருந்தபோது மார்புத் தசைக் காயத்தால் விலகினார். கோப்பில் அது சின்னரின் வெற்றி. அப்படியே விட்டால் தோற்றுக்கொண்டிருந்தவருக்கு எலோ ஏறும். நான் அந்த மாதிரி ஆட்டங்களுக்கு எலோவை மாற்றுவதே இல்லை. பழைய விலையோடு ஒப்பிடும்போதும் அவற்றை ஒதுக்கிவிடுங்கள், ஏனென்றால் ஆட்டம் முடியாவிட்டால் சில நிறுவனங்கள் பந்தயத்தை ரத்து செய்யும், சில முதல் செட் முடிந்திருந்தாலே கணக்குத் தீர்த்துவிடும்.