இகுவானாவுக்குக் கால் நடுங்குது, தாடை மெத்தெண்டு கிடக்கு. கல்சியம் சிரப் எவ்வளவு குடுக்கலாம்?

கொக்குவில்:
பச்சை இகுவானா (இலைகுழை தின்னுற பெரிய பல்லி இனம்), 14 மாதம், வாலோட 70 சென்ரிமீற்றர். ஒரு கிழமையாப் பின்கால் விரல் துடிக்குது. கீழ்த்தாடை ரப்பர் மாதிரி வளையுது. தொடை பருத்திருக்கு, ஆனா முதுகெலும்பு தெரியுது. நாலு நாளா வயித்தால போகேல்லை. கண்ணாடித் தொட்டி, வெயில் படுற யன்னலோரம். சாப்பாடு பசளி, வாழைப்பழம், இடைக்கிடை பாண். பிள்ளையளுக்குக் குடுக்கிற கல்சியம் சிரப் வீட்டில இருக்கு, விற்றமின் டி சேர்ந்தது. அளவு சொல்லுங்கோ.

சாவகச்சேரி:
சிரப்பை மூடி வையுங்கோ. அதில இருக்கிற டி கூடினா சிறுநீரகத்திலயும் ரத்தக்குழாயிலயும் சுண்ணம் படியும், பிறகு திருப்பேலாது. நீங்கள் சொல்லுறது எலும்பு மெலியிற வருத்தம். சாப்பாட்டில கல்சியம் காணாட்டி உடம்பு அதை எலும்பிலயிருந்து உருவும். அந்த இடத்தில நார் வளரும். தொடை பருத்தது கொழுப்பில்லை, அதுதான்.

விரல் துடிக்குதெண்டா ரத்தத்திலயே கல்சியம் இறங்கியிட்டுது. வீட்டில வைச்சுப் பாக்கிற கட்டம் தாண்டியாச்சு, இண்டைக்கே மிருக வைத்தியரிட்டக் காட்டுங்கோ. ஆடு மாடு பாக்கிறவரா இருந்தாலும் பரவாயில்லை, போன் எடுத்து நிலைமையைச் சொல்லிப்போட்டுப் போங்கோ. எக்ஸ்ரே தேவைப்பட்டா பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை இருக்கு. ஏசி பஸ்ஸில உடம்பு குளிர்ந்துபோகும். காற்றோட்டமுள்ள பெட்டிக்குள்ள, துவாயில சுத்தின சுடுதண்ணிப் போத்தல் ஒண்டு வையுங்கோ.

தொட்டிக்குள்ள இருக்கிற கொப்பு எல்லாத்தையும் எடுத்திடுங்கோ. ஒரு அடி உயரத்தில இருந்து விழுந்தாலே இந்த எலும்பு முறியும். தூக்கேக்க நெஞ்சையும் இடுப்பையும் சேர்த்துத் தாங்கவேணும்.

மானிப்பாய்:
யன்னல் வெயில்தான் ஆக்களை ஏமாத்திறது. திண்ட கல்சியம் உடம்பில சேர விற்றமின் டி வேணும், அதைத் தோலில உண்டாக்கிற யூவிபி கதிரைக் கண்ணாடி மறிச்சுப்போடும், வெளிச்சமும் சூடும் மட்டும்தான் உள்ளுக்க வரும். கம்பி வலைக் கூட்டில, காலமை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில 20-30 நிமிசம் வெளியில வையுங்கோ. கூட்டின்ர பாதி நிழலா இருக்கவேணும், காகத்துக்கும் பூனைக்கும் ஆள் காவல். வாயைப் பிளந்துகொண்டு இருந்தா உடன நிழலுக்கு. கண்ணாடித் தொட்டியை மட்டும் வெயிலில வைச்சிடாதேங்கோ, அவிஞ்சு போகும்.

மார்கழி மழைக்கு வெயிலை நம்பேலாது. யூவிபி ரியூப் ஒண்டு, முதுகுக்கு 25-30 சென்ரிமீற்றர் மேல, நாளுக்கு 12 மணித்தியாலம். வெளிச்சம் குறையாட்டிலும் கதிர் குறைஞ்சுகொண்டே போகும், ஆனபடியால் வருசத்துக்கு ஒருக்கா மாத்தவேணும். குளிர்காயிற இடம் 35 பாகை, மற்றப் பக்கம் 27 அளவில. சூடு காணாட்டி திண்டது செமிக்காது.

உரும்பிராய்:
பசளியில இருக்கிற ஒட்சாலிக் அமிலம் கல்சியத்தைப் பிடிச்சு வைச்சிரும், வாழைப்பழத்திலயும் பாணிலயும் பொசுபரசுதான் கூட. மூண்டையும் நிப்பாட்டுங்கோ. முருங்கையிலை, செவ்வரத்தை இலையும் பூவும், பூசணிக்காய், கொஞ்சம் பப்பாப்பழம், இவ்வளவும் எங்கட வளவுக்குள்ளயே கிடக்கு. முட்டைக்கோதை 10 நிமிசம் அவிச்சு, காயவைச்சு, மாவா அரைச்சு ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை இலையில தூவுங்கோ.

வெத்திலைச் சுண்ணாம்பும் கல்சியம்தானே எண்டு தடவிப்போடாதேங்கோ! அது காரம், வாயும் குடலும் வெந்துபோகும்.

கொக்குவில்:
நன்றி அண்ணைமார். பின்னேரம் காட்ட நேரம் எடுத்தாச்சு. அதுவரைக்கும் வாயைத் திறந்து ஊட்டலாமோ?

சாவகச்சேரி:
வேண்டாம் தம்பி, தாடை முறிஞ்சுபோகும். இளஞ்சூட்டுத் தண்ணி, 30 பாகை, தோள்மட்டத்துக்குக் கீழ விட்டு 15 நிமிசம் இருக்க விடுங்கோ. பக்கத்திலயே நில்லுங்கோ, தலையைத் தூக்கேலாட்டி மூழ்கிப்போகும். தானாக் குடிக்கும், அனேகமா அதுக்குள்ளயே வயித்தாலயும் போகும். அந்தப் பாத்திரம் குசினிக்குத் திரும்பப் போகக்கூடாது, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ. சல்மோனெல்லாக் கிருமி இருக்கும்.