மாநிறத்தைவிடக் கறுப்பான தோலுக்குக் குறைந்த விலையில் எந்த ப்ளஷ் பொருந்தும்?

கேள்வி (தண்டையார்பேட்டையிலிருந்து):

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் பாரிமுனைப் பக்கம் ஒரு நகைக்கடையின் விற்பனைப் பிரிவில் வேலைக்குச் சேரவிருக்கிறேன். பெண்கள் அளவான ஒப்பனையுடன் வர வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அதற்கான செலவு நம்முடையதுதான். முதல் சம்பளம் கைக்கு வரும்வரை 700 ரூபாய்க்கு மேல் என்னால் ஒதுக்க இயலாது. கண்மை, ஸ்டிக்கர் பொட்டு, முகப் பவுடர் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் இதுவரை வாங்கியதில்லை.

எம்.சி. ரோட்டில் ஒரு பேன்சி ஸ்டோரில் கன்னத்தில் பூசும் நிறப்பூச்சான ப்ளஷை வெளிர் ரோஸ் நிறத்தில் தடவிக் காட்டினார்கள். டப்பாவில் அழகாக இருந்த நிறம் என் கன்னத்தில் சாம்பல் பூத்தாற்போலத் தெரிந்தது. முதலில் இரண்டு படி வெளுப்பான பவுண்டேஷனை (முகம் முழுவதும் தடவும் தோல் நிற அடிப்பூச்சை) போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்றார் கடைப் பெண். என் நிறத்தை மறைக்க எனக்கு விருப்பமில்லை. இருக்கும் நிறத்திலேயே முகம் களையாக இருந்தால் போதும். காலையில் மெட்ரோ நிலையத்திற்கு நடந்து போவதற்குள் வியர்த்துவிடுகிறது. ப்ளஷில் பவுடர் நல்லதா, கிரீம் நல்லதா? விலை குறைந்தவை தோலைக் கெடுத்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

மறுமொழி (ராயபுரம், மணப்பெண் அலங்காரம் செய்பவர்):

தங்கைக்கு வாழ்த்துகள். உங்கள் நிறத்தை மறைக்க வேண்டாம் என்று நீங்கள் எடுத்த முடிவு மிகச் சரியானது. அந்தக் கடையில் சொன்ன யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். வெளிர் நிற ப்ளஷ்களில் சிவப்பு நிறமி குறைவாகவும், டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற வெள்ளை நிறமியும் டால்க்கும் கூடுதலாகவும் இருக்கும். வெளுத்த தோலில் அந்த வெள்ளை கண்ணுக்குப் புலப்படாது. நம் தோலில் சிவப்பு அடங்கிப் போய், வெள்ளை மட்டும் மேலே நிற்பதால்தான் சாம்பல் படிந்ததைப் போன்ற தோற்றம் வருகிறது. இதில் உங்கள் தோலின் குறை ஒன்றுமில்லை.

டப்பாவில் பார்க்கும்போது 'இது மிகவும் அடர்த்தியாக இருக்கிறதே' என்று தயங்க வைக்கும் நிறங்கள்தாம் நமக்குப் பொருந்தும். புடவைக் கடையில் நாம் சொல்லும் பெயர்களாலேயே சொல்கிறேன்: அரக்கு, செங்கல், மாதுளை, நாவற்பழ நிறம், அடர்ந்த பவளம். இவற்றைத் துளியளவு எடுத்தாலே போதும் என்பதால், நான்கைந்து கிராம் உள்ள சிறிய டப்பா ஓர் ஆண்டைத் தாண்டியும் வரும். ஸ்விஸ் பியூட்டி, மார்ஸ், இன்சைட், ப்ளூ ஹெவன் போன்ற நிறுவனங்களின் ப்ளஷ்களில் பல 300 ரூபாய்க்குள்ளாகவே கிடைக்கின்றன. நிறம் சரியாக அமைந்துவிட்டால், மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கியதற்கும் இதற்கும் எதிரே நிற்பவரால் வேறுபாடு காண இயலாது. இதை என் தொழில் அனுபவத்திலிருந்தே உறுதியாகச் சொல்கிறேன்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் கிரீம் ப்ளஷ்தான் எனக்குப் பிடித்தமானது. மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் தோலில் நன்றாக இறங்கிய பிறகு, விரல் நுனியால் தொட்டு, கன்ன எலும்பின் மேலிருந்து காதை நோக்கி ஒற்றி ஒற்றிப் பரப்புங்கள். அதன் பிறகு, நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் முகப் பவுடரை மிக மெல்லியதாக ஒற்றுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. பவுடரின் மீது கிரீமைத் தடவினால் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். தனியாக ப்ளஷ் வாங்கப் பணம் போதவில்லையென்றால், அடர்ந்த நிற லிப்ஸ்டிக் ஒன்றையே உதட்டுக்கும் கன்னத்துக்கும் பயன்படுத்தலாம்.

மறுமொழி (பெரம்பூர், அழகுசாதனத் தரப் பரிசோதனைப் பணியில் இருப்பவர்):

விலை குறைவு என்பதாலேயே ஒரு பொருள் தோலைக் கெடுத்துவிடாது. யார் தயாரித்தார்கள் என்று தெரியாத பொருள்தான் கெடுக்கும். நம் நாட்டில் அழகுசாதனப் பொருள்களுக்கென்று 2020ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. அவற்றின்படி தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), பயன்படுத்துவதற்கான கடைசித் தேதி ஆகியவை உறையில் இருக்க வேண்டும்; வெளிநாட்டுச் சரக்காக இருந்தால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதியாளரின் முகவரியும் வேண்டும். சவுகார்பேட்டை மொத்த விலைக் கடைகளில் நேர்மையான சரக்கு ஏராளமாகக் கிடைக்கிறது. ஆயினும், பெரிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய டப்பா நடைபாதையில் நான்கில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்து, அதில் தொகுதி எண் இல்லாமலோ, தேதியின் மீது வேறொரு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டோ இருந்தால், தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

உறையில் சி.ஐ. என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் எண்கள் நிறமிகளைக் குறிப்பவை. 77491 என்பது சிவப்பு இரும்பு ஆக்சைடு. 77891 என்பது மேலே அக்கா குறிப்பிட்ட அந்த வெள்ளை நிறமி. 75470 என்பது கார்மைன்; அது ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கப்படுவது என்பதால், சைவம் கடைப்பிடிப்பவர்கள் அதையும் பார்த்து வாங்குவது நல்லது. எதை வாங்கினாலும் முழங்கையின் உட்புறத்தில் ஒரே இடத்தில் ஒரு வாரம் தடவிப் பார்த்து, அரிப்போ தடிப்போ வரவில்லை என்று தெரிந்த பின்னரே முகத்தில் போடுங்கள். வேலைக்குச் சேர இன்னும் நாள்கள் இருப்பதால் உங்களுக்கு இது இயலும்.

மறுமொழி (திருவொற்றியூர்):

ராயபுரம் அக்காவின் கருத்தில் ஒன்றை மட்டும் மறுக்க விரும்புகிறேன். எண்ணெய்ப் பசையும் பருவும் உள்ள முகத்தில் லிப்ஸ்டிக்கைத் தினமும் கன்னத்தில் தேய்ப்பது ஏற்றதன்று. அதிலுள்ள மெழுகும் எண்ணெயும் உதட்டுக்கென்று சேர்க்கப்பட்டவை. அவை கன்னத்துத் துளைகளை அடைத்துக்கொள்ளக்கூடும். எனக்குப் பருத் தொல்லை உண்டு என்பதால் பவுடர் ப்ளஷையே பயன்படுத்துகிறேன். வியர்த்த முகத்தில் அதைப் போட்டால் கறை போலப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆகவே வீட்டில் போடாமல், வேலை செய்யும் இடத்திற்குப் போய், குளிர்சாதனக் காற்றில் முகம் காய்ந்த பிறகு, மென்மையான துணியால் வியர்வையை ஒற்றி எடுத்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன். துணியால் தேய்த்தால் சன்ஸ்கிரீனும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எனக்குப் பரு அதிகமில்லை. ஆகவே கிரீம் ப்ளஷ் ஒன்றும் லிப்ஸ்டிக் ஒன்றும் வாங்கி, மீதமுள்ள பணத்தைச் சன்ஸ்கிரீனுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். செங்கல் நிறம், மாதுளை நிறம் ஆகிய இரண்டில் எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம்.

மறுமொழி (ராயபுரம்):

மாதுளையை எடுங்கள். நகைக்கடைகளில் தங்கம் எடுப்பாகத் தெரிவதற்காகப் பெரும்பாலும் மஞ்சள் சாய்ந்த விளக்குகளையே பொருத்துவார்கள். அந்த ஒளியில் செங்கல் நிறம் மேலும் ஆரஞ்சாகத் தெரியும், மாதுளையோ சிவப்பாகவே நிற்கும். சோதனைக்கு வைத்திருக்கும் டப்பாவிலிருந்து தாடையோரத்தில் சிறிது தடவிக்கொண்டு, கடைக்கு வெளியே வந்து வெயிலில் ஒரு முறை பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்தச் சோதனை டப்பா பலரின் கை பட்டதாக இருக்கும். லிப்ஸ்டிக்காக இருந்தாலும் உதட்டில் வைக்க வேண்டாம், புறங்கையிலேயே பாருங்கள்.