முறிகண்டிக் கச்சானும் மாமாவும்

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு முறிகண்டியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏ9 வீதியால் போகிற வாகனங்கள் பிள்ளையாரைக் கும்பிட அங்கே நிற்கும். ஆட்கள் இறங்கித் தேங்காய் உடைப்பார்கள், திருநீறு பூசுவார்கள், ஒரு பை கச்சானோடு (வறுத்த நிலக்கடலை) திரும்பி ஏறுவார்கள். கச்சானைச் சூடு ஆறுவதற்குள் உடைத்துத் தின்ன வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோனால் அந்த ருசி கிடையாது.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, ஆவணி விடுமுறையில் மாமா, மாமியோடு வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு வந்துகொண்டிருந்தேன். மாமி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நல்ல நித்திரை. முறிகண்டியில் மாமா மட்டும் இறங்கினார். எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் அதே நிறத்தில் இன்னொரு பஸ் நின்றது. கொஞ்ச நேரத்தில் அது புறப்பட்டது. பார்த்தால் யன்னலோரம் மாமாவின் சட்டை! நான் கத்தினேன். நடத்துநர், "பயப்பிடாதை தம்பி, கிளிநொச்சியில பிடிக்கலாம்" என்றார்.

அந்தப் பஸ்ஸில் நடந்ததை மாமாவே பிறகு சொன்னார். அங்கேயும் ஒரு அம்மா முகத்தை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். பக்கத்து இருக்கை காலி. மாமா அமர்ந்து அவருடைய கையில் கச்சானை வைத்தார். அவரும் வாங்கிச் சாப்பிட்டார். சரி, மனைவி எழும்பிவிட்டாள் என்று மாமா குடும்பக் கதையைத் தொடங்கிவிட்டார். "கொண்ணன் வாங்கின காசை இன்னும் தரேல்லை. நீதான் கேக்கவேணும்." இரணைமடுச் சந்தி வரும்வரை இதே கதை. கடைசியில் அந்த அம்மா தலைப்பை விலக்கி மிகவும் அமைதியாகச் சொன்னாராம்: "தம்பி, கச்சான் நல்லாயிருக்கு. ஆனா எனக்கு அண்ணன் ஒருத்தரும் இல்லை."

கிளிநொச்சியில் மாமா வெறும் பையோடு நின்றார். "எங்க போனனீங்கள்?" என்று மாமி கேட்கவில்லை. "கச்சான் எங்க?" என்றுதான் கேட்டார்.

போன கிழமை கந்தோரில் மதியச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். உடனே ஒரு அக்கா தன் பழைய கந்தோரில் குரங்கு வந்த கதையை எடுத்தார். யன்னலால் வந்த குரங்கு சாப்பாட்டுப் பார்சலை விட்டுவிட்டு மேசையில் இருந்த, படிவங்களில் அடிக்கிற சீலைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தில் ஏறிவிட்டதாம். படிவத்தோடு காத்திருந்த ஒரு ஐயா மரத்தடிக்குப் போய்ப் படிவத்தை நீட்டி, "இதில ஒண்டு அடிச்சு விடு ராசா" என்றிருக்கிறார். இரண்டு வாழைப்பழம் காட்டிய பிறகுதான் சீல் கீழே விழுந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அம்மம்மாவின் ரயில் பயணம். 1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. அம்மம்மாவை வவுனியா வரை கூட்டிப்போனோம். அந்தக் காலத்தில் கொழும்புக்குப் போகக் கட்டுவதுபோலவே புட்டு, முட்டைப் பொரியல், வாழைப்பழம் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தார். மாங்குளம் வரும்போதே பொதியை அவிழ்த்தாயிற்று. "வவுனியா வந்திடும், சாப்பிடுங்கோ" என்று எங்களுக்கு மட்டுமா, எதிரில் இருந்த முன்பின் தெரியாத குடும்பத்துக்கும் கொடுத்தார். ஓமந்தை தாண்டியும் யாரும் கைகழுவவில்லை. அம்மம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மாமா இப்போது முறிகண்டியில் இறங்குவதில்லை. மாமிதான் இறங்கிக் கும்பிட்டுக் கச்சான் வாங்கி வருவார். ஏறியதும் பையைக் கொடுக்கமாட்டார். முதலில் கேள்வி: "எனக்கு எத்தினை அண்ணன்?"

மாமா "ரெண்டு" என்ற பிறகுதான் பை கைமாறும்.