சுருதிப்பெட்டிக்குள் இருப்பது என்ன?

பனங்காமத்தான்:
ஆச்சாமரம் ஐயா நேற்று இங்கே எழுதிய ஒரு வாக்கியம் என்னை இரவு முழுவதும் நித்திரை கொள்ள விடவில்லை. "ஆர்மோனியம் நுழைந்த அன்றே வன்னிக் கூத்தின் செவி கெட்டுப்போனது, சினிமாப் பாட்டும் பைலாவும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நாதஸ்வரத்தை இரசிக்கும் காது இனி வராது" என்று எழுதியிருந்தார். அந்தக் காது இல்லாதவர்களில் நானும் ஒருவன் என்பதால் பதில் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுவரவும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு அணைத்து, நான் மிதியைக் கையால் சுற்ற, அண்ணர் வானொலியைத் திருகுவார். ஒரே இரவில் தவில் கச்சேரியும் கேட்டோம், இளையராஜாவின் பாட்டும் கேட்டோம், ஏ.ஈ. மனோகரனின் பொப்பிசையும் கேட்டோம். கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும். நாதஸ்வரத்துக்கு வேகமாகவும் பைலாவுக்கு மெதுவாகவும் நான் சுற்றவில்லை.

ஐயாவிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் வைத்திருக்கிறார்களே ஒரு சுருதிப்பெட்டி, அதற்குள் இருப்பது என்ன? துருத்தியும் உலோக நாக்குகளும்தானே? ஆர்மோனியத்துக்குள் இருப்பதும் அவைதானே?

ஆச்சாமரம்:
தம்பி, நான் சொன்னதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. என் தகப்பனார் தவில் வாசித்தவர். அளவெட்டித் தட்சிணாமூர்த்தி வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டால் மாங்குளத்தில் நின்று லொறி மறித்து ஏறிப்போய்க் கேட்டுவிட்டு வருவார். 1975இல் அந்த மேதை காலமான செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவனிடம் இசை என்றால் என்ன என்று கேட்பதற்கு முன்னர் சற்று யோசித்திருக்கலாம்.

நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியை உதட்டால் இறுக்கியும் தளர்த்தியும், மூச்சைக் கூட்டியும் குறைத்தும் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்வதுதான் கமகம். ஆர்மோனியத்தின் கட்டைகள் தச்சன் வைத்த இடத்திலேயே நிற்கின்றன. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே எதுவும் இல்லை. இந்தக் குறைக்காகத்தான் அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடை செய்தது. சுருதிப்பெட்டி பாடுவதில்லை, அது ஆதாரமாக நிற்கிறது. நிற்பதற்கும் பாடுவதற்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் இரண்டையும் ஒன்றென்று சொல்லாதீர்கள்.

பனங்காமத்தான்:
1940இல் தடை செய்தார்கள் என்று எழுதிய ஐயா, 1971இல் அந்தத் தடை தளர்ந்ததை எழுதவில்லை. பாதி உண்மையைக் கொண்டு ஒரு முழு ஊரின் காதைப் பழிக்கக் கூடாது.

ஆர்மோனியம் பிரான்சிலிருந்து வந்தது; அதை நான் மறுக்கவில்லை. நிலத்தில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறு கையால் வாசிக்கும்படி அதை மாற்றியமைத்தது 1875 அளவில் கல்கத்தாவில். வயலின் மட்டும் எங்கிருந்து வந்தது? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடமிருந்து கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டையும் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனையும் கேட்டு அழுதவர்கள் இந்த வன்னியிலேயே இருக்கிறார்கள்.

கமகம் வராது என்று தந்திக்குக் கீழே உலோக மெட்டு பதித்த மாண்டலினையும் ஒதுக்கியிருப்பார்கள். ஸ்ரீநிவாஸ் சிறுவனாக மேடையேறி அந்தப் பேச்சை முடித்துவைத்தார். ஆகவே குறை கருவியில் இல்லை, வாசிப்பவர் கையில்தான் இருக்கிறது. சுருதிப்பெட்டிக்குள் இருப்பது என்ன என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

முல்லைமோடி:
இரண்டு ஆண்களும் வெளிநாட்டுக் கருவிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். பேச்சு தொடங்கியது எங்கள் கூத்தில். கோவலன் கூத்து எங்கள் முல்லைத்தீவுப் பாணியான முல்லைமோடியில் எப்படி ஆடப்படுகிறது என்று உங்களில் யாராவது கேட்டீர்களா?

என் சிறு வயதில் எங்கள் ஊர்க் கூத்துக் களரியில் மத்தளமும் தாளமும்தான் இருந்தன. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் தன் தொண்டைக்கு ஏற்ற இடத்தில் பாட்டை எடுப்பார். பிற்பாட்டுக்காரர் அங்கேயே வந்து சேர்வார்கள். பின்னர் டிறாமா என்ற இசை நாடகம் ஆடியவர்களைப் பார்த்து எங்களவர்களும் ஆர்மோனியம் கொண்டுவந்தார்கள். அந்த டிறாமாவே பார்சிக் கொம்பனிகள் பம்பாயிலிருந்து இலங்கைக்கு வந்து ஆடிக் காட்டிய வழியில் வளர்ந்தது. ஆர்மோனியப் பெட்டி வந்த பிறகு பெட்டியின் கட்டைக்குத்தான் கோவலன் பாடவேண்டும் என்றானது. கண்ணகிக்கு ஆடிய என் மாமா அந்தச் சுருதிக்கு எட்டாமல் அடிவயிற்றிலிருந்து கத்தி, விடியும்போது குரல் அடைத்துப்போய் நின்றதை நான் கண்டிருக்கிறேன். எங்கள் களரியில் நால்வராக இருந்த பிற்பாட்டுக்காரர் பின்னர் இருவரானார்கள். இந்த அளவில் ஆச்சாமரம் ஐயா சொன்னது சரி.

ஆனால் சினிமாப் பாட்டுக் கேட்டவர்களுக்குக் காது இல்லை என்றால் என் மாமாவுக்கும் காது இல்லை என்றாகிறது. அவர் சிதம்பரம் ஜெயராமனின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் வயலில் தண்ணீர் கட்டுவார். அந்த வாக்கியத்தை ஐயா மீளப்பெற வேண்டும்.

வவுனியாக்குளம்:
கூத்து என்றால் முல்லைத்தீவு, வன்னி என்றால் முல்லைத்தீவு என்று எழுதுவது இங்கே வழமையாகிவிட்டது. வவுனியாவும் மன்னார்ப் பெருநிலப்பரப்பும் வன்னி இல்லையா? போன வருடம் ஏ-9 வீதிப் பேருந்துகளில் போடும் பாட்டைப் பற்றி நான் எழுதியபோது, நகரத்தானுக்கு இசையைப் பற்றி என்ன தெரியும் என்று எழுதியவர் இதே பனங்காமத்தான்தான். நான் அதை மறக்கவில்லை. இன்று அவர் எல்லா இசைக்கும் இடம் கொடுக்கும் பெருந்தன்மையோடு பேசுகிறார்.

என் முறைப்பாடு எளிமையானது. எது உயர்ந்த இசையாக இருந்தாலும், உயர்தரப் பரீட்சைக் காலத்தில் கோயில் ஒலிபெருக்கியில் விடிகாலை நான்கு மணிக்கு நாதஸ்வரம் போட்டால் அதைப் படிக்கிற பிள்ளை எப்படி இரசிக்கும்? எங்கள் வீதியில் மூன்று வருடமாக இதுதான் நடக்கிறது.

ஆச்சாமரம்:
ஒலிபெருக்கியின் குற்றத்தை நாதஸ்வரத்தின் மேல் சுமத்த வேண்டாம். நாதஸ்வரம் திறந்த வெளியில், வீதி வலத்தில், ஒலிபெருக்கியே இல்லாமல் கேட்கப் பிறந்த கருவி. வட்டாப்பளை அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கல் இரவில் எட்ட நின்று கேட்டவர்களுக்கு அது தெரியும்.

பைலாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற ஆட்டம். எங்கள் கோயில்களை இடித்தவர்களின் மெட்டுக்குத் துள்ளுவதை இசை இரசனை என்று நான் ஏற்கமாட்டேன். தங்கச்சி முல்லைமோடி என் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொன்னதற்கு நன்றி; வாக்கியத்தை மீளப்பெறும் எண்ணம் எனக்கு இல்லை.

பனங்காமத்தான்:
போர்த்துக்கேயர் 1505இல் வந்து இறங்கினார்கள். ஐயா இப்போது இருந்து எழுதுகிற கதிரை அவர்கள் தந்த சொல். மேசையும் அலுமாரியும் அவர்கள் தந்த சொற்கள். அவற்றை வீட்டில் வைத்துக்கொண்டு, மீனவரும் கலியாண வீட்டாரும் கை தட்டிப் பாடுகிற எட்டில் ஆறு தாளத்தை மட்டும் வாசலில் நிறுத்துவது எந்த நியாயம்? இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த காலத்தில் எங்கள் சிறுவர்கள் தகர வாளியில் அடித்துப் பாடியது பைலாதான். அந்த வாளிச் சத்தம் இல்லாவிட்டால் அந்த மாதங்களை எங்களால் கடந்திருக்க முடியாது. அதை ஆக்கிரமிப்பாளரின் மெட்டு என்று சொல்லக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை நான் மறைக்கப் போவதில்லை.

வவுனியாக்குளம் தம்பிக்கு: நகரத்தான் என்று எழுதியது உண்மை. பேருந்துப் பாட்டை நீங்கள் இரைச்சல் என்று எழுதியதால்தான் எழுதினேன். இரைச்சல் என்ற சொல்லை நீங்கள் எடுத்தால் என் சொல்லை நானும் எடுக்கிறேன்.

முல்லைமோடி தங்கச்சிக்கு: உங்கள் மாமாவின் குரல் அடைத்ததற்குக் காரணம் பெட்டி அல்ல, அவருக்கு எட்டாத கட்டையில் வாசித்தவர். ஒன்றரைக் கட்டை குறைத்து வாசித்திருந்தால் பெட்டி மறுப்புச் சொல்லியிருக்காது. சுருதிப்பெட்டியிலும் இப்படித்தான் துளையைத் திறந்து மூடிக் கட்டையை மாற்றுகிறார்கள். அதற்குள்ளும் நாக்குகள்தான் இருக்கின்றன.

முல்லைமோடி:
பெட்டிக்காரர் பட்டணத்திலிருந்து கூலிக்கு வந்தவர். அவரிடம் கட்டையைக் குறைக்கச் சொல்லும் துணிவு அன்று எங்கள் அண்ணாவியாருக்கு இருக்கவில்லை. அவர் வாசிப்பதுதான் சரியான சுருதி, நாங்கள் பாடுவது பிழை என்றே எல்லோரும் நினைத்தார்கள். களரியில் நிற்காதவர்களுக்கு இது விளங்காது, அண்ணை.

வவுனியாக்குளம்:
இரைச்சல் என்ற சொல்லை நான் எடுக்கமாட்டேன். அந்தப் பேருந்தில் மாங்குளம் வரை பயணம் செய்துவிட்டு எழுதுங்கள்.

பனங்காமத்தான்:
என் வீட்டில் பழுதான சுருதிப்பெட்டி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆணிகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் நாக்குகளைப் படம் பிடித்து இங்கே போடுகிறேன். பக்கத்தில் ஆர்மோனியத்தின் நாக்குகளையும் வைக்கிறேன். எது எதுவென்று ஆச்சாமரம் ஐயா பார்த்துச் சொல்லட்டும்.

ஆச்சாமரம்:
படம் எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள். சுருதிப்பெட்டி பாடுவதில்லை.