பிரெஞ்சு தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் 'பேசே வோலே' (1968) படம் பார்த்ததிலிருந்து ஒரே பாட்டுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பூட்டிக் கிடக்கும் சினிமாதெக் (பாரிஸின் திரைப்படக் காப்பகம்) வாசலைக் காட்டும்போது பாடகர் ஷார்ல் த்ரெனேவின் குரல் மெல்ல வருமே, அது! 'நம் காதலில் மிச்சம் என்ன?' என்று கேட்கிற 1940களின் பாட்டு. படத்தின் தலைப்பான 'திருடிய முத்தங்கள்'கூட அதன் வரிதானாம். சோகப் பாட்டுதான், ஆனால் மனுஷர் அழாமல் புன்னகையோடு பாடுகிறார். அதுதான் என்னைக் கொல்கிறது.

இரண்டு உதவி வேண்டும். யாராவது வரிக்கு வரி அர்த்தம் சொல்ல முடியுமா? இயந்திர மொழிபெயர்ப்பில் உயிரே இல்லை. அப்புறம், இப்படிப் பழைய ஷான்சோன் (பிரெஞ்சுப் பாட்டு வகை) பாடல்களை அழகாகப் பயன்படுத்திய வேறு படங்கள்? பாடகி எடித் பியாஃபின் வாழ்க்கையைச் சொல்லும் 2007 படம் பார்த்தாச்சு.