ஊராட்சி ஃபைபர் இணையம்: மானியம் நின்ற பிறகு மாதச் செலவை யார் தாங்குவது?

கண்மாய்க்கரை (டி.கல்லுப்பட்டி ஒன்றியம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊராட்சி அலுவலகம் வரை அரசுச் செலவில் ஃபைபர் (கண்ணாடி இழை) கம்பி வந்து சேர்ந்துவிட்டது. வரிவசூல் பதிவேடுகள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் பெட்டி மாட்டப்பட்டிருக்கிறது; ஆனால் அதற்குரிய யுபிஎஸ் பேட்டரி உப்பிப் போய்விட்டதால், மின்சாரம் நிற்கிற நேரமெல்லாம் இணைப்பும் நின்றுவிடுகிறது. அங்கிருந்து வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கும் பொறுப்பை எங்கள் ஊர் இளைஞர் குழு ஏற்றுக்கொள்ளலாமா என்று யோசித்து வருகிறோம்.

கட்டமைப்புக்கு அரசு பணம் கொடுத்திருக்கலாம். அதன் பிறகு ஆண்டுதோறும் வரும் பேட்டரிச் செலவு, கம்பி அறுந்தால் ஒட்டும் செலவு, ஆள் சம்பளம் ஆகியவற்றை வீட்டுச் சந்தாவை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியுமா? ஊராட்சி நிதியிலிருந்து ஏதேனும் எடுக்க வழியுண்டா? ஊரில் ஏறக்குறைய எல்லார் கையிலும் செல்போன் ரீசார்ஜ் இருக்கும்போது, எத்தனை வீடுகள் தனியாக இதற்குப் பணம் கட்டும் என்ற ஐயமும் எங்களுக்கு இருக்கிறது.

வாடிப்பட்டி கேபிள் எழுதியது:

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: உரிமம் இல்லாமல் உங்கள் குழு நேரடியாக இணையச் சேவையை விற்க முடியாது. உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பங்காளியாகத்தான் தொடங்க வேண்டும். கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுவரும் மத்திய அரசுத் திட்டமான பாரத்நெட்டிலேயே உள்ளூர்த் தொழில்முனைவோருக்கு வருவாயில் 50 விழுக்காடு பங்கு தரும் முறை இருக்கிறது. அதை விசாரித்துப் பாருங்கள்.

இனி கணக்குக்கு வருகிறேன். இது என் தொழில் அனுபவத்தை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு. உங்கள் ஊருக்கு மாறலாம். வரி நீங்கலாக வீட்டுக்கு 300 ரூபாய் என்றால், 200 வீடுகளுக்கு மாதம் 60,000 ரூபாய். வசூலாகாத பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 54,000. லைன்மேன் சம்பளம் 18,000, பேண்ட்வித்துக்கு (மொத்தமாக வாங்கும் இணையக் கொள்ளளவுக்கு) 12,000, மின்சாரமும் பேட்டரி ஒதுக்கீடும் 6,000, வசூல் கமிஷன் 5,400, மோடமும் மற்றக் கருவிகளும் பழுதாகும்போது மாற்ற ஒதுக்கும் தொகை 7,000 என்று எல்லாவற்றையும் கூட்டினால் 48,400 வருகிறது. மிஞ்சுவது 5,600; நிறுவனத்தின் பங்கும் தனியாகப் போனால் கையில் ஒன்றும் நிற்காது. வீடுகளின் எண்ணிக்கை 100 ஆகக் குறைந்தால் வரவு 27,000 மட்டுமே. ஆனால் லைன்மேன் பாதிச் சம்பளத்துக்கு வரமாட்டார். ஆகவே ஓர் ஊராட்சி தனியாக இறங்கினால் தாங்காது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள மூன்று நான்கு ஊராட்சிகள் சேர்ந்து ஒரு லைன்மேனையும் அறுந்த ஃபைபரை ஒட்டும் ஒரு ஸ்ப்ளைசிங் மெஷினையும் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பழுதைப் பற்றி எழுதாமல் விட முடியாது. எங்கள் பக்கம் அறுவடை முடிந்ததும், வைக்கோலை வானம் முட்ட ஏற்றிக்கொண்டு வரும் லாரிகள் குறுக்கே போகும் கம்பியை இழுத்துக்கொண்டே போய்விடும். திருவிழாவில் சப்பரம் போகும் தெருவில் நாமே கழற்றிக் கொடுத்து, பிறகு மாட்ட வேண்டும். அறுந்த கம்பியை அன்றைக்கே ஒட்டினால் வாடிக்கையாளர் நிற்பார். நான்கு நாள் ஆனால் அந்த மாதச் சந்தாவைக் கேட்க வாசல்படி ஏற முடியாது. செல்போன் போட்டியைவிட இந்தத் தாமதத்தையே நான் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன். செல்போன் இருக்கிற வீட்டிலும் படிக்கிற பிள்ளை, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மகன் அல்லது மருமகள் இருந்தால் இணைப்பு வாங்குகிறார்கள். கடை, அரிசி ஆலை, திருமண மண்டபம் ஆகியவை கேமராவுக்காகவே வாங்குகின்றன.

ஓய்வுபெற்ற கணக்கர், மதுரை எழுதியது:

மேலே நண்பர் போட்ட கணக்கு நேர்மையானது. அதில் நான் சேர்க்க விரும்புவது அரசுப் பணத்தின் எல்லையைப் பற்றியது. 2011-இல் ஒப்புதல் பெற்று 2015-இல் பாரத்நெட் என்று பெயர் மாறிய இத்திட்டத்துக்கு, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து பிடிக்கப்படும் 5 விழுக்காடு தீர்வையால் சேரும் நிதியே ஆதாரம். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பணி மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஏற்ற 1,39,579 கோடி ரூபாய்த் திருத்தத் திட்டத்தில் பத்தாண்டுப் பராமரிப்பும் சேர்க்கப்பட்டிருக்கிறது. எனவே ஊராட்சி அலுவலகம் வரையுள்ள முதன்மைக் கம்பியின் பராமரிப்பை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அந்தப் பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பெட்டிக்கு அப்பால் வீடு வரையுள்ளதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஊராட்சி நிதியைப் பொறுத்தவரை, 2021 முதல் 2026 வரைக்கான 15-ஆவது நிதி ஆணைய மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் உரியதாக இருந்தது. எஞ்சிய 40 விழுக்காட்டை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம் என்றிருந்தாலும், சம்பளத்துக்கும் அலுவலக நிர்வாகத்துக்கும் அதைத் தொட முடியாது என்பதே விதியாக இருந்தது. பேட்டரி வாங்கலாமா என்று விதிகளைக் காட்டிக் கேட்கலாம். லைன்மேன் சம்பளத்தைக் கேட்கவே முடியாது. இப்படித்தான் பல பொதுச் சொத்துகள் புதிதாக வாங்கப்பட்டு, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வீணாகின்றன. கண்மாயை வெட்டியது யாராக இருந்தாலும், மடையைத் திறந்து அடைக்கும் நீர்பாய்ச்சிக்குக் களத்தில் நெல் அளந்தது அந்த நீரில் பயிர் செய்த ஆயக்கட்டுக்காரர்கள்தாம்.

ஆயக்கட்டுக்காரர்கள் என்ற இடத்தில் நான் முதலில் வைப்பது வீடுகளை அல்ல. பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், கூட்டுறவுக் கடன் சங்கம், நியாயவிலைக் கடை, கிராம நிர்வாக அலுவலர் அலுவலகம் ஆகியவை தத்தம் துறை நிதியிலிருந்து கட்டணம் செலுத்தினால், அதுவே மாதந்தோறும் குறையாத அடித்தளமாக இருக்கும். "அரசு அலுவலகம்தானே, இலவசமாகக் கொடுங்கள்" என்பார்கள், கொடுக்காதீர்கள். அரசு அலுவலகத்துக்கு அனுப்பும் கட்டணப் பட்டியல் காசாகி வர மாதங்கள் ஆகும் என்பதால், ஆண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கேளுங்கள். கருவி மாற்று நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, அதிலிருந்து சம்பளம் கொடுப்பதில்லை என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். ஃபைபர் பல ஆண்டுகள் உழைக்கும். அதன் இரு முனைகளிலும் உள்ள மின்னணுக் கருவிகள் அப்படி அல்ல.

இழை எழுதியது:

வெளியூர் அனுபவங்களையும் கேட்டால் உதவியாக இருக்கும் என்று இதைச் சேர்க்கிறேன். அமெரிக்காவின் ப்ரோவோ நகரம் சுமார் 3.9 கோடி டாலர் செலவிட்டு ஃபைபர் அமைத்து, சில்லறைச் சேவையைத் தனியார் நிறுவனங்களிடம் விட்டது. எதிர்பார்த்த வாடிக்கையாளர்கள் சேரவில்லை. 2013-இல் அந்த அமைப்பை ஒரு டாலருக்கு கூகுளிடம் கொடுத்துவிட்டு, கடனை நகரவாசிகளின் மாதக் கட்டணப் பட்டியலில் சேர்த்து அடைத்தார்கள். அதே மொத்த வாடகை முறையில் ஸ்டாக்ஹோம் நகராட்சியின் ஸ்டோகாப் நிறுவனம் 1994 முதல் நிலைத்து நிற்கிறது. அங்கே ஃபைபரை வாடகைக்கு எடுக்க நிறுவனங்கள் ஏராளம். நம் ஊராட்சிகள் இந்த இரண்டில் ப்ரோவோவின் பக்கம்தான் நிற்கின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் சட்டனூகா நகரின் மின் நிறுவனத்துக்கு 11 கோடி டாலருக்கும் மேல் மத்திய மானியம் கிடைத்தது உண்மைதான். ஆயினும் 2010-இல் வீடுகளுக்கு அதிவேக இணையம் தந்த அதே ஃபைபர், அந்த நிறுவனத்தின் சொந்த மின்பகிர்மான வேலைக்கும் பயன்பட்டது. கணக்கர் ஐயா சொல்லும் நிலையான வாடிக்கையாளர் அங்கே அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருந்தார்.

விலையிலும் கவனம் தேவை. ஆந்திரத்தில் 2017-இல் இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி மூன்றும் மாதம் 149 ரூபாய் என்று அறிவித்தார்கள். அப்படி ஒரு விலை மக்கள் மனத்தில் பதிந்துவிட்டால், பிறகு பத்து ரூபாய் ஏற்றினாலும் அது அரசியலாகிவிடும். கேரள அரசின் இணையத் திட்டமான கேஃபோன் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்ற இலக்கை வைத்துக்கொண்டே, மற்றவர்களுக்குக் கட்டணத் திட்டங்களை விற்கிறது. இலவசம் தருவது தவறில்லை. அதன் செலவை அரசு தனியாக ஈடுசெய்ய வேண்டும், கட்டணம் கட்டும் பக்கத்து வீட்டின் தலையில் ஏற்றக் கூடாது.

கண்மாய்க்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. 2025 சனவரியில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து எங்களுக்குத் தனி அலுவலர்தான். ஆகவே பராமரிப்புப் பொறுப்பு குறித்த கடிதத்தை வட்டார வளர்ச்சி அலுவலகத்திலேயே கேட்கப் போகிறோம். பக்கத்து இரண்டு ஊராட்சிகளின் இளைஞர்களிடமும் பேசிப் பார்க்கிறோம். கேபிள் அண்ணனிடம் ஒரு கேள்வி: ஸ்ப்ளைசிங் மெஷினைச் சொந்தமாக வாங்க வேண்டுமா?

வாடிப்பட்டி கேபிள் எழுதியது:

தொடக்கத்தில் வாங்காதீர்கள். உங்கள் பகுதியில் கேபிள் தொழில் செய்பவரிடம் மெஷின் இருக்கும். மாதத்துக்கு இத்தனை ஜாயின்ட், அழைத்தால் இத்தனை மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். அவரை ஒதுக்கிவிட்டு இறங்கினால் அவர் போட்டியாளராவார். வசூலையும் அவரிடமே கமிஷனுக்கு விட்டால், தெருத் தெருவாக ஆளைத் தெரிந்த ஒருவர் உங்களுக்குக் கிடைப்பார்.